மவுஸ் பிடிக்கலாம் வாங்க!

கம்ப்யூட்டர் பத்திரிகையில் மவுஸ் பற்றிக் கட்டுரை என்றால், ஒயர் மவுஸா, வயர்லெஸ் மவுஸா என்றுதான் கேட்பீர்கள். இந்த முறை இரண்டும் இல்லை. நான்கு கால், இரண்டு காது, ஒரு வால் உள்ள நிஜ மவுஸ்! 1964-ல் டக்ளஸ் எங்கெல்பார்ட் குழுவினர் செய்த முதல் கம்ப்யூட்டர் மவுஸ் ஒரு சின்ன மரப் பெட்டி. பின்னால் நீண்ட ஒயர் எலி வாலைப் போல் இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நம் கதையில் அந்த வாலையே நிஜ எலி கடித்துவிட்டது.

எங்கள் வீடு அபிராமபுரத்தில், பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறது. நான் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். ஒரு நாள் ஆபீஸ் மீட்டிங்கின் நடுவே இன்டர்நெட் நின்றது. ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தேன், சரியானது. மறுநாள் மறுபடியும் அதே கதை. கம்பெனிக்குப் போன் போட்டுத் திட்டினேன். டிரைவரை மாற்றினேன். விண்டோஸையும் அப்டேட் செய்தேன். ஒரு வாரம் போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மேஜைக்கு அடியில் உருண்ட பந்தை எடுக்க அக்கா பையன் தவழ்ந்து போனான். அவனுக்கு நான்கு வயது. அவனைப் பிடிக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். யு.பி.எஸ்.சுக்குப் போகும் பவர் ஒயரின் மேல் உறை இரண்டு அங்குலத்துக்கு உரிந்திருந்தது. உள்ளே செம்புக் கம்பி பளபளவென்று தெரிந்தது. ஓடுகிற கரன்ட் 230 வோல்ட். பையனின் கைக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம்தான்!

பையனை இழுத்துவிட்டு மெயினை ஆஃப் செய்தேன். வந்த எலக்ட்ரீஷியன் டார்ச் அடித்துப் பார்த்து, "சார், இது எலி வேலை. ரெண்டு ரெண்டு கோடா இருக்கு பாருங்க, பல்லு" என்றார். அம்மா அமைதியாக, "ஒரு மாசமா ராத்திரி சத்தம் கேக்குதுன்னு சொல்றேன். நீதான் ஹெட்போனைக் கழட்டவே இல்லையே" என்றார்.

அன்று முதல் நான் படித்ததையும், செய்ததையும், செய்த தவறுகளையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

வந்திருப்பது யார்?

எல்லாவற்றையும் "எலி" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஆள் மாறினால் வழியும் மாறும். சென்னை வீடுகளில் முக்கியமாக நான்கு பேர்.

சுண்டெலி: மிகச் சிறியது. அலமாரி, டிராயர், கம்ப்யூட்டர் கேபினெட் என்று வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும்.

வீட்டு எலி: உடலைவிட வால் நீளம். ஏறுவதில் கெட்டிக்காரன். மரக்கிளை, கேபிள், பைப் எதைப் பிடித்தும் மாடிக்கு வந்துவிடும்.

பெருச்சாளி: உருவம் பெரியது, மண்ணைத் தோண்டும். பெரும்பாலும் தரைத்தளம், சாக்கடை ஓரம், கார் நிறுத்தும் இடம்.

மூஞ்சூறு: நீண்ட கூர்மையான மூக்கு, ஒரு மாதிரி நாற்றம், கீச்சென்ற குரல். இது எலி இனமே அல்ல! பூச்சிகளையும் கரப்பானையும் தின்னும். எலியைப் போல் ஒயரைக் கொறிக்கும் பல் இதற்குக் கிடையாது. கரப்பான் ஒழிந்தால் இதன் நடமாட்டமும் குறையும்.

கண்டுபிடிப்பது எப்படி?

எலியை நேரில் பார்க்க வேண்டியதில்லை. அது விட்டுச் செல்லும் தடயங்களே போதும்.

1. புழுக்கை: சுண்டெலியின் புழுக்கை அரிசியைவிடச் சிறியது, 3 முதல் 6 மி.மீ. நீளம், முனை கூர்மை. வீட்டு எலியுடையது ஏறக்குறைய 12 மி.மீ. பெருச்சாளியுடையது அதைவிடப் பெரிது. ஒரு முனையில் வெள்ளையாக இருந்தால் அது பல்லி எச்சம், பயப்பட வேண்டாம். மிளகுத் தூள் போல் இருந்தால் கரப்பான்.

2. பல் தடம்: ஒயர், சோப்பு, பிளாஸ்டிக் டப்பா மூடி ஆகியவற்றில் அருகருகே இரண்டு கோடுகள்.

3. அழுக்குக் கோடு: எலி சுவரை ஒட்டியே ஓடும். தினமும் ஒரே பாதை. உடம்பின் எண்ணெய்ப் பசை பட்டுச் சுவரின் அடிப்பக்கம் கருத்திருக்கும்.

4. பவுடர் சோதனை: இரவு படுக்கும் முன் சந்தேகப்படும் இடத்தில் முகப் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். அரிசி மாவு வேண்டாம், அது விருந்தாகிவிடும். காலையில் கால் தடம் பாருங்கள். எலிக்கு முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து. எல்லாக் காலிலும் ஐந்து விரல் தெரிந்தால் மூஞ்சூறு.

கம்ப்யூட்டர் சொல்லும் அறிகுறிகள்

இது நம் ஏரியா. எலி கடித்ததை நம் மெஷினே நமக்குச் சொல்லும்.

பைபர் இணைப்பு வைத்திருந்தால் மோடத்தில் எல்.ஓ.எஸ். என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் ஒளி சிக்னல் வரவில்லை என்று பொருள். கம்பெனி பக்கத்துக் கோளாறாகவும் இருக்கலாம். ஆனால் போன் போடும் முன் வீட்டுக்குள் உள்ள பைபர் ஒயரை முழு நீளமும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது லேன் கேபிள். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் திறந்து, நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், பிறகு ஈதர்நெட் கிளிக் செய்திடுங்கள். லிங்க் ஸ்பீட் என்ற வரியில் 1000 என்று இருந்தால் நல்லது. முன்பு 1000 காட்டியது திடீரென 100-க்கு இறங்கியிருந்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். காரணம் எளிது. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள். கிகாபிட் வேகத்துக்கு எட்டும் தேவை. 100 எம்.பி.பி.எஸ்.சுக்கு நான்கே போதும். எலி ஒன்றைக் கடித்தாலும், அந்த நான்கும் பிழைத்திருந்தால் இணைப்பு அறுந்து போகாமல் நொண்டி நடக்கும். (உங்கள் ரவுட்டரே 100 எம்.பி.பி.எஸ். ரகம் என்றால் எப்போதும் 100தான் காட்டும், அதற்கு எலியைத் திட்டாதீர்கள்.) எங்கள் வீட்டில் 100தான் காட்டியது. ஒரு வாரம் அந்த எண்ணைப் பார்க்காமல் டிரைவரை மாற்றிக்கொண்டிருந்தேன்.

இவை தவிர, கேபினெட் பேனிலிருந்து மூத்திர வாடை, காரணமில்லாமல் வேலை செய்யாத யு.எஸ்.பி. போர்ட், ஃபேன் எதிலோ உரசும் சத்தம் ஆகியவையும் அறிகுறிகள்தான்.

ஒயரைக் கடிப்பது ஏன்?

பசிக்காக அல்ல. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்க்காவிட்டால் வாயை மூட முடியாது. பல்லின் முன்பக்க எனாமல் செம்பைவிடக் கடினமானது. ஒயரின் பி.வி.சி. உறை அதற்கு வெண்ணெய் மாதிரி. கம்ப்யூட்டர் கேபினெட்டோ வெதுவெதுப்பு, இருட்டு, பூனை வராத இடம். எலிக்கு வேறென்ன வேண்டும்?

இது வீட்டோடு நிற்கும் பிரச்சினையும் அல்ல. 2018 ஜூனில் அசாம் மாநிலம் தின்சுகியா மாவட்டத்தில், பல நாட்களாகப் பழுதாகிக் கிடந்த ஸ்டேட் பேங்க் ஏ.டி.எம். ஒன்றைத் திறந்தார்கள். உள்ளே 2000, 500 ரூபாய் நோட்டுகளாக 12 லட்சத்து 38 ஆயிரம் ரூபாயை எலிகள் துண்டு துண்டாகக் கொறித்து வைத்திருந்தன. 2013 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமா அணு உலை வளாகத்தில் மின்சாரம் தடைப்பட்டு, பயன்படுத்திய எரிபொருளைக் குளிர்விக்கும் அமைப்பு நின்றது. சரிசெய்ய ஒரு நாளுக்கு மேல் ஆனது. தற்காலிக மின் பலகைக்கு அருகே கிடந்தது கருகிய ஓர் எலி! அணு உலைக்கே இந்தக் கதி என்றால் நம் யு.பி.எஸ். எம்மாத்திரம்?

கேபினெட்டைத் திறந்து பார்ப்போமா?

* ஷட்டவுன் செய்து, பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்குங்கள். சுவிட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது.
* கையுறை, முகக் கவசம் அணிந்து பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள்.
* கிழித்த பேப்பர், பஞ்சு, தெர்மோகோல் துகள் இருந்தால் அது கூடு. ஊதாதீர்கள், பிரஷ்ஷால் பறக்க விடாதீர்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அப்படியே பொத்தி எடுத்து மூடிய பையில் போடுங்கள். ஈரம் போர்டில் படக் கூடாது.
* மதர்போர்டில் கறை இருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்து, முழுதும் உலர்ந்த பிறகே பவர் கொடுங்கள். எலியின் சிறுநீர் உப்பு நிறைந்தது. விட்டுவைத்தால் செம்புத் தடங்களை அரித்துவிடும்.
* எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக் பிடுங்கிய பிறகும் உள்ளே சார்ஜ் இருக்கும்.
* கேபினெட்டின் பின்பக்கம் பழைய கார்டைக் கழற்றிய இடத்தில் தகடு போடாமல் விட்டிருப்போம். அதுதான் வாசல். கடையில் அந்தத் தகடு மலிவாகவே கிடைக்கும். உடனே மாட்டுங்கள்.

எங்கள் கேபினெட்டில் இருந்தது பேப்பர் கூடு. கிழிந்தது அப்பாவின் பழைய கரன்ட் பில்கள். ஹார்ட் டிஸ்க் தப்பியது. குடும்பப் போட்டோக்கள் பதினைந்து வருடத்தவை அதில் மட்டும்தான் இருந்தன என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அன்றிரவே வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுத்தேன். நீங்கள் இந்தக் கட்டுரையை முடித்ததும் எடுத்துவிடுங்கள்.

நான் செய்த தவறு

எலி என்றால் கிச்சன் என்று முடிவு கட்டி, சிங்க் அடியிலும் ஜன்னல் ஓரத்திலும் சிமென்ட் பூசினேன். மூன்று நாள் கழித்து மேஜை மேல் புதுப் புழுக்கை! லாக் பார்க்காமல் கோடை மாற்றுகிற புரோகிராமர் செய்கிற அதே தவறு.

பிறகுதான் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றில், அசைவு தெரிந்தால் பதிவு செய்யும் கேமரா ஆப் ஒன்றை ஏற்றி, ஹாலில் தரை மட்டத்தில் சார்ஜரோடு வைத்தேன். வெளிச்சத்துக்கு ஒரு சிவப்பு நைட் லேம்ப். எலிக்குச் சிவப்பு ஒளி சரியாகத் தெரியாது. காலையில் பார்த்தால் 2 மணி 10 நிமிடத்துக்கு டி.வி. ஸ்டாண்டின் பின்னாலிருந்து சுண்டெலி ஒன்று வருகிறது. சுவரை ஒட்டி நேராக என் மேஜைக்குப் போகிறது.

டி.வி. ஸ்டாண்டை நகர்த்தினோம். பின்னால் சுவரில் ஒரு துளை. முன்பு அதன் வழியே கேபிள் டி.வி. ஒயர், டெலிபோன் ஒயர், பழைய இன்டர்நெட் ஒயர் எல்லாம் வந்தன. ஒவ்வொன்றாகப் போய்விட்டன. இப்போது மெல்லிய பைபர் ஒயர் ஒன்று மட்டும். துளையின் அளவு அப்படியே இருக்கிறது. வெளியே பார்த்தால் அந்த ஒயர் வேப்ப மரத்திலிருந்து எங்கள் சுவருக்குத் தொங்குகிறது. எலிகளுக்கு இதைவிட நல்ல மேம்பாலம் யார் கட்டித் தருவார்கள்? எங்கள் பக்கத்தில் மட்டுமல்ல, மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு என்று எங்கே பார்த்தாலும் மரத்துக்கு மரம், மாடிக்கு மாடி இப்படித்தான் ஒயர்கள் ஓடுகின்றன.

துளைகளை அடைப்பது எப்படி?

ஒரு பென்சில் நுழையும் துளையில் சுண்டெலி நுழைந்துவிடும். பெருவிரல் நுழைந்தால் வீட்டு எலிக்குப் போதும். எனவே கையில் பென்சிலோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். பார்க்க வேண்டிய இடங்கள்:

* இன்டர்நெட், டிஷ் ஒயர் வரும் துளைகள்
* ஏ.சி. பைப் சுவரில் நுழையும் இடம் (சுற்றியுள்ள பஞ்சு எலிக்குத் தடையே அல்ல)
* சிங்க், வாஷிங் மெஷின் வடிகுழாய்
* பாத்ரூம் தரை ஜல்லடை
* வாசல் கதவின் அடி இடைவெளி
* எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, பால்ஸ் சீலிங் ஓரம்

பேப்பர், தெர்மோகோல், ஸ்பிரே போம் எதுவும் தாங்காது. பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத ஸ்டீல் நாரை இறுக்கித் திணித்து, மேலே சிமென்ட் பூசுங்கள். காற்று வர வேண்டிய இடத்தில் கால் இன்ச் கண்ணுள்ள வெல்டு மெஷ் அடியுங்கள். கதவுக்கு அடியில் அலுமினியப் பட்டை போடலாம். மாடியைத் தொடும் மரக்கிளையைச் சங்கத்தில் சொல்லி வெட்டச் சொல்லுங்கள். தெருவில் எங்காவது பள்ளம் தோண்டும் வேலை நடந்தால் இந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள். வளை கலைந்த எலி புது வீடு தேடும்.

அவசரம் ஏன் தெரியுமா? சுண்டெலியின் கர்ப்ப காலம் ஏறக்குறைய மூன்றே வாரம். ஒரு ஈற்றில் ஐந்தாறு குட்டிகள். அந்தக் குட்டிகளும் இரண்டு மாதத்துக்குள் குட்டி போடத் தயார்.

பொறி வைக்கும் முறை

துளை அடைத்த அன்றிரவே பொறி வையுங்கள். இல்லையென்றால் உள்ளே மாட்டிய எலி வெளியேற வேறு எதையாவது கடிக்கும். பொறியைச் சுவரை ஒட்டி, வாய் அது ஓடும் பாதையைப் பார்க்கும்படி வையுங்கள். நடு ஹாலில் வைத்தால் பிரயோஜனமில்லை. மசால் வடை, சுட்ட தேங்காய், வேர்க்கடலை எல்லாம் நல்ல இரை. வீட்டு எலி புதுப் பொருளைக் கண்டால் சந்தேகப்படும். இரண்டு மூன்று நாள் பொறியைப் பூட்டாமல் இரை மட்டும் வைத்துப் பழக்குங்கள். சுண்டெலிக்கு அந்தப் பொறுமை தேவையில்லை, அது வேடிக்கை பார்க்க வரும். ஆனால் கூட்டிலிருந்து வெகுதூரம் போகாது. அதனால் ஒரே பொறிக்குப் பதில் இரண்டு மீட்டருக்கு ஒன்று வையுங்கள்.

பசை அட்டை வேண்டாம். உயிரோடு ஒட்டி நாள் கணக்கில் துடிக்கும். இந்திய விலங்குகள் நல வாரியமும் அதற்கு எதிராக அறிவுறுத்தியுள்ளது.

மருந்து வைக்கலாமா?

எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்து, "எல்லா ரூம்லயும் வச்சிடலாம் சார், ஒரே ராத்திரி" என்றார். அம்மா மறுத்துவிட்டார். ஏன் மறுத்தார் என்று நான் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியும்.

2024 நவம்பரில், சென்னையை ஒட்டிய குன்றத்தூரில் ஒரு குடும்பம் வீட்டில் எலி மருந்து வைக்க ஆளைக் கூப்பிட்டது. மருந்து வைத்த வீட்டில் ஏ.சி. போட்டு உறங்கினார்கள். நெடியைச் சுவாசித்து இரண்டு சின்னஞ்சிறு குழந்தைகள் இறந்தார்கள். பெற்றோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். எலியால் வந்த ஆபத்தைவிட எலியை ஒழிக்க வந்தது பெரிய ஆபத்தாகிவிட்டது.

எனவே இவற்றை மனதில் வையுங்கள். படுக்கை அறையில் எந்த மருந்தும் கூடாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரக் காற்று பட்டால் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். அது தானியக் கிடங்குக்கானது, ஆள் குடியிருக்கும் வீட்டுக்கானதல்ல. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் கல்லீரலைத் தாக்கும், அதற்கு மாற்று மருந்தே கிடையாது. தமிழக அரசு அதைத் தடை செய்திருக்கிறது. பழைய டியூப் வீட்டில் இருந்தால் குழந்தை கைக்கு எட்டும் முன் அப்புறப்படுத்துங்கள். ரத்தம் உறையாமல் செய்யும் கேக் வகை மருந்தைத் தின்ற எலி சில நாள் கழித்துத்தான் சாகும், அதுவும் பால்ஸ் சீலிங் மேலேயோ பீரோவுக்குப் பின்னாலோ! ஆளை அழைத்தே ஆக வேண்டும் என்றால் மருந்தின் பெயரை எழுதி வாங்குங்கள், லைசென்ஸைக் கேளுங்கள். குழந்தை இருக்கும் வீடு என்று முதலிலேயே சொல்லுங்கள்.

அல்ட்ராசோனிக் கருவி வேலை செய்யுமா?

பிளக்கில் சொருகினால் எலி ஓடிவிடும் என்று விற்கிறார்கள். தொடக்கத்தில் கொஞ்சம் மிரளும், பிறகு பழகிவிடும். சுவரையோ பீரோவையோ தாண்டி அந்த ஒலி போகவும் போகாது. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2001-லேயே, ஆதாரம் இல்லாமல் இப்படி விளம்பரம் செய்யக் கூடாது என்று அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களை எச்சரித்தது. மொபைல் ஆப் என்றால் இன்னும் வேடிக்கை. வழக்கமான 44.1 கிலோஹெர்ட்ஸ் ஆடியோ பைலில் 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியே இருக்க முடியாது. நம் போன் ஸ்பீக்கர் அதற்கும் கீழேயே திணறும். அந்தக் காசில் சிமென்ட் வாங்குங்கள்.

சுத்தம் செய்யும்போது கவனம்

எலியின் சிறுநீரில் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக் காய்ச்சல் கிருமி இருக்கலாம். காலில் சிறு வெட்டுக் காயம் இருந்தாலே உள்ளே போய்விடும். மழை வெள்ளத்தில் நடப்பவர்களுக்கு வருவதும் இப்படித்தான். புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள். ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு துடைத்தெடுங்கள். அதன் பிறகு சில நாட்களில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் டாக்டரிடம் "வீட்டில் எலி இருந்தது" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் ஆன்டிபயாடிக்கில் குணமாகும்.

கடைசியாக ஒன்று

துளையை அடைத்த பிறகு பதினொரு நாளில் ஐந்து சுண்டெலிகள் பொறியில் விழுந்தன. அடுத்த இரண்டு வாரம் பவுடரில் ஒரு தடமும் இல்லை. லிங்க் ஸ்பீட் 1000. ஒயர்களை எல்லாம் சுவரோடு மூடிய கேசிங்கில் போட்டுவிட்டேன். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டியாயிற்று. கசியும் கரன்ட் உடம்பு வழியே பாய்ந்தால் அது கண நேரத்தில் சப்ளையை நிறுத்திவிடும். உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

இன்று இரவே ஒரு வேலை செய்யுங்கள். கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் டார்ச்சோடு ஒரு முறை குனிந்து பாருங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு!